மினி 2 ட்ரோனின் மேல் இன்னொரு கேமரா பொருத்தலாமா?

கேள்வி – ஏரிக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் ஏரியின் கரை, மதகு, கலிங்கு ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்பதை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் டிஜேஐ மினி 2 கொண்டு படம்பிடித்துப் பாசன விவசாயிகளிடம் காட்டி வருகிறேன். கேமராவை நேர் கீழே திருப்பிக் கரையை எடுக்கும்போது மண் அரிப்பு தெளிவாகத் தெரிகிறது; ஆனால் அது கரையின் எந்தப் பகுதி என்பது பார்ப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே 26.5 கிராம் எடையுள்ள இன்ஸ்டா360 கோ 2 கேமராவை முன்னோக்கி இருக்குமாறு ட்ரோனில் பொருத்தி, இரண்டு கோணங்களையும் ஒரே பறத்தலில் பதிவுசெய்ய விரும்புகிறேன். இது பாதுகாப்பானதா, எந்த இடத்தில் பொருத்த வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – காற்றுவழி

தூக்குமா என்றால் தூக்கும். ஆனால் காற்றில் மிதப்பதற்குத் தேவையான ஆற்றல் எடை கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. எடையின் ஒன்றரை அடுக்கில், அதாவது எடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவில், கூடுகிறது. 249 கிராம் ட்ரோனுடன் கேமராவும், சுமார் 10 கிராம் தாங்கியும் சேர்ந்தால் எடை ஏறத்தாழ 1.15 மடங்காகிறது, ஆற்றல் தேவையோ 1.23 மடங்காகிறது. நிறுவனம் சொல்லும் 31 நிமிடப் பறக்கும் நேரம் கணக்கின்படியே 25 நிமிடங்களாகச் சுருங்கும். காற்றையும், திரும்பி வருவதற்கான பேட்டரி இருப்பையும் கழித்தால் கையில் நிற்பது அதைவிடக் குறைவு. ஏரியின் நடுவில் நீருக்கு மேல் பறப்பவர் இந்த இருப்பில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தையும் கவனியுங்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் சுமையையும் சேர்த்த மொத்த எடையைக் கொண்டே வகை பிரிக்கின்றன. 250 கிராமைத் தாண்டியதும் உங்கள் ட்ரோன் நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும். மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கில் இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும் என்பதால், இந்தப் பணிக்கு யாராவது கட்டணம் தருகிறார்களா என்பது முக்கியமான கேள்வியாகிவிடும்.

பதில் – சுழலி

பொருத்தியே ஆக வேண்டுமென்றால், இடம் குறித்து என் ஆலோசனை இது. வயிற்றுப் பகுதியைத் தொடாதீர்கள். தரையைப் பார்க்கும் உணரிகள் அங்கேதான் உள்ளன, தரையிறங்கும்போது இடைவெளியும் போதாது. மேற்புறத்தில், நான்கு மோட்டார்களுக்கும் நடுவே எடை விழும்படி வைக்க வேண்டும். முன்பக்கம் சரிந்து வைத்தால், ட்ரோனைச் சமநிலையில் நிறுத்த முன் மோட்டார்கள் பறக்கும் நேரம் முழுவதும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். நடுவில் வைத்தால் அகன்ற லென்ஸில் இறக்கைகள் தெரியும். இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு கிடையாது.

பலரும் கவனிக்காதது ஜிபிஎஸ். சிறு கேமராக்களின் மின்சுற்று எழுப்பும் இரைச்சல் அருகிலுள்ள ஜிபிஎஸ் ஆன்டெனாவின் பலவீனமான சிக்னலை மூழ்கடிக்கக்கூடும். திறந்தவெளியில், மோட்டார்களை இயக்காமல், கேமரா அணைந்திருக்கும்போதும் அது பதிவுசெய்யும்போதும் எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை சரிந்தால் அந்த இடம் வேண்டாம். கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதிர்வு ஏறாமலிருக்க அடியில் மெல்லிய நுரைத்துண்டு வையுங்கள், இல்லையென்றால் காட்சி முழுவதும் அலையலையாக நெளியும்.

ஏரிக்கரை

இருவருக்கும் நன்றி. கட்டணம் எதுவும் பெறவில்லை. ஆனால் எடைக் கணக்கு என்னைத் தயங்க வைக்கிறது. வேறு வழி உண்டா?

பதில் – காற்றுவழி

உண்டு, அதுவே சிறந்ததும்கூட. இரண்டு கோணங்களும் ஒரே நொடியில் வேண்டும் என்பவருக்குத்தான் இரண்டாவது கேமரா அவசியம். கரை நகர்ந்துவிடப் போவதில்லை. முதல் பறத்தலில் கேமராவை நேர் கீழே வைத்துக் கரை நெடுக எடுங்கள். பேட்டரியை மாற்றிக்கொண்டு, அதே பாதையில் கேமராவை 30 டிகிரி மட்டும் தாழ்த்தி மறுபடியும் செல்லுங்கள். மினி 2 4கே தரத்தில் பதிவுசெய்யும், கோ 2 1440பி வரை மட்டுமே. ஆகவே இரண்டாவது காட்சியும் கூடுதல் தெளிவோடு கிடைக்கும், இறக்கையும் குறுக்கே வராது. பிறகு கணினியில் இரண்டையும் அருகருகே வைத்து, மதகு தோன்றும் இடத்தைக் கொண்டு ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

கலிங்கு வழியும் நாளில் மட்டும் நேரம் முக்கியம், ஏனெனில் நீரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அன்று கோ 2 கேமராவைக் கலிங்குக்கு எதிரே உறுதியான மேட்டில் முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டு, ட்ரோனை மேலே அனுப்புங்கள்.