பறக்கும் ஆலா என் படத்தில் காகமாகிவிடுகிறது

கல்லடியான்:
இரண்டு மாதமாக விடியற்காலையில் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் நின்று கொண்டை ஆலா என்ற கடற்பறவைகளைப் படமெடுக்கிறேன். 300 மில்லிமீற்றர் லென்ஸ், ஷட்டர் 1/1000 செக்கன். நேற்று மட்டும் 412 படங்கள். பாதியில் கறுப்பு நிழல், மீதியில் வால். "காகத்துக்கு இவ்வளவு பாடா?" என்கிறாள் மனைவி. பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

வாவிக்கரையான்:
காசை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கோளாறு நிற்கும் இடத்தில். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் ஆலா என்ன, அன்னமும் கறுப்புத்தான்.

அடுத்தது காற்று. எழும்பும்போதும் இரை தேடி அந்தரத்தில் நிற்கும்போதும் பறவை காற்றுக்கு முகம் கொடுக்கும். இப்போது வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அவை கடலைப் பார்க்கின்றன, உங்களுக்கு வால்தான் மிச்சம். காலையில், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டில் கடலுக்கு முதுகு காட்டி, வாவியைப் பார்த்து நில்லுங்கள். வெயிலும் காற்றும் உங்கள் முதுகுக்கு வரும், முகம் காட்டிப் பறவை வரும். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் கச்சான் காற்றுத் தொடங்கினால் எல்லாம் தலைகீழ்: பின்னேரம் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். கரைவலை இழுக்கும் இடமென்றால் சூடை மீனுக்கு ஆலாக்கள் தலைக்கு மேலேயே சுற்றும். எனக்கு இது விளங்க நான்கு வருடம் பிடித்தது.

ஷட்டரை 1/2500க்கு ஏற்றுங்கள். ஆலா நீரில் குத்தும் வேகத்துக்கு 1/1000 காணாது.

ஒலுவில் மணல்:
வாவிக்கரையான் ஐயா சொல்லாத ஒன்று. கமெராவின் தானியங்கி வெளிச்ச அளவை நம்பவேண்டாம். பின்னால் வெளிர்வானம் வந்தால் கமெரா பறவையைக் கறுப்பாக்கும்; கருநீர் வந்தால் வெள்ளை நெஞ்சு வெளிறி, இறகே தெரியாது. வெயில் படும் நெஞ்சுக்கு ஏற்ப அளவைக் கையால் நிறுத்திவிடுங்கள். பின்னணி மாறினாலும் பறவைமேல் விழும் வெயில் அதேதான். முகில் வந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

கல்லடியான்:
சனிக்கிழமை முகத்துவாரத்து வெளிச்சவீட்டுப் பக்கம் போய்வந்தேன். 160 படங்களில் பதினொன்று தேறின. ஒன்றில் மஞ்சள் அலகும், கறுப்புக் கொண்டைக்குள் ஒளிந்திருக்கும் கண்ணும் தெரிகின்றன. அந்தக் கண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனைவி பார்த்துவிட்டு, "இது வேறு பறவையா?" என்றாள். லென்ஸ் முழுக்க உப்பு. எதனால் துடைப்பது, ஐயா?

வாவிக்கரையான்:
உலர்ந்த துணியால் தேய்த்துவிடாதீர்கள், கீறிவிடும். முதலில் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.