புவிண்டி மழைக்காட்டில் மலைக் கொரில்லாக்களைக் காண வழிகாட்டுங்கள்

கேள்வி:
உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள புவிண்டி மழைக்காட்டில் மலைக் கொரில்லாக்களைக் காண வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் விருப்பம். அறுபதைக் கடந்த அவருக்கு எந்த நுழைவிடம் ஏற்றது, எந்த மாதம் நல்லது என்று சென்று வந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
புஹோமாவைத் தேர்ந்தெடுங்கள்; மற்றொரு நுழைவிடமான ந்குரிங்கோவின் சரிவுகள் மிகவும் செங்குத்தானவை. ஆயினும் கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் புதிய இடத்தில் கூடு அமைப்பதால், நடை ஒரு மணி நேரத்தில் முடியலாம், நாள் முழுவதும் நீளவும் செய்யலாம். ஆகவே காலையில் பயணிகளைக் குழுக்களாகப் பிரிக்கும்போதே தாயாரின் வயதை வனக்காவலர்களிடம் சொல்லிவிட்டால், இயன்றவரை அருகிலுள்ள கொரில்லாக் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். உள்ளூர்ச் சுமையாளர் ஒருவரையும் அவசியம் அமர்த்திக்கொள்ளுங்கள்; சேற்றுச் சரிவில் அவருடைய கை பெரும் துணை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு.

பதில் 2:
விமானச்சீட்டுக்கு முன்பே அனுமதிச்சீட்டை வாங்குங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு 8 பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே காணலாம். சளி, காய்ச்சல் இருந்தால் அனுமதி இல்லை. நம் சுவாச நோய்கள் அவற்றையும் தொற்றும் என்பதாலும், உலகில் எஞ்சியுள்ளவை ஆயிரத்தைச் சற்றே தாண்டும் என்பதாலும், இவ்விதி முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

பதில் 3:
கூடுதலாக ஒரு நாள் இருந்தால், பறவைகளுக்காக இக்காட்டின் இன்னொரு நுழைவிடமான ருஹிஜா செல்லலாம். 1991-இல் தேசியப் பூங்கா அமைந்தபோது காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பழங்குடியினரான பட்வா மக்களையும் சந்தித்து, காட்டைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.