குட்டையில் 11 அங்சா, ஒன்றும் கையில் சிக்கவில்லை – வழி சொல்லுங்கள்

லயத்துவாசி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்று இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் இங்கிருந்த கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) ஒருவர் ஒரு ஜோடி அங்சா, அதாவது பெருவாத்து, வாங்கி அதில் விட்டார். அவர் வேலை முடிந்து ஊரைவிட்டே போய்விட்டார், அங்சா போகவில்லை. இப்போது 11 இருக்கின்றன. யாரும் தீனி வைப்பதில்லை; கரைப் புல்லைத் தின்றே வளர்ந்தவை. கிட்டே போனால் கழுத்தை நீட்டிச் சீறும், இன்னும் இரண்டு அடி வைத்தால் தண்ணீரில் இறங்கிவிடும்.

குட்டையை மூடி வீடு கட்டப் போகிறார்கள். மண் லோரி வர இன்னும் ஆறு வாரம்தான். தாப்பாவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் மாமா, பிடித்துக் கொடுத்தால் வளர்க்கிறேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாம்பான் படகில் போய் ஜாலா வலை வீசினோம். ஒன்று சிக்கியது. ஆனால் வலை கழுத்தில் சுற்றி, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. பயந்துபோய் வலையை அறுத்து விட்டுவிட்டோம். ராத்திரி டார்ச் எடுத்துப் போனால், நடுவில் இருக்கும் மண்திட்டில் படுத்திருக்கின்றன. ஒன்று மட்டும் காவல். அது கத்தினதும் மொத்தமும் தண்ணீரில். நிஜமாகவே எங்களுக்குத் தண்ணி காட்டுகின்றன.

செம்பனைக்காட்டான்:
சீனப் பெருநாள் வரைக்கும் விட்டு வைங்க பாஸ், தானா குறைஞ்சிடும்.

லயத்துவாசி:
அதுக்குத்தான் அவசரமே.

பழைய பண்ணையாள்:
தம்பி, முதலில் அந்த ஜாலாவைச் சுருட்டி வையுங்கள். தண்ணீரில் அங்சாவை விரட்டிப் பிடிக்கவே கூடாது. ஒன்று நீங்கள் களைத்துப் போவீர்கள், இல்லை அது வலையில் மூழ்கிச் சாகும். அதைத் தானாகக் கரைக்கு வரவைக்க வேண்டும்.

உடைத்த சோளமும் நெல்லும் வாங்குங்கள். ரொட்டி வேண்டாம், வயிற்றை அடைக்குமே தவிரச் சத்து கிடையாது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள். ஒரு தகர டின்னைத் தட்டிவிட்டுத் தீனியைப் போட்டுவிட்டு விலகிப் போய்விடுங்கள். நின்று பார்க்காதீர்கள். ஒரு வாரத்தில் டின் சத்தத்துக்கே நீந்தி வரும்.

அப்புறம்தான் பட்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டினால் பக்கத்திலேயே வராது. முதல் நாள் நாலு கம்பு மட்டும் நடுங்கள். இரண்டு நாள் விட்டு ஒரு பக்கம் வலை, பிறகு மறுபக்கம். நாற்றுமேடைக்குப் போடுகிற கறுப்பு வலை இருந்தால் நல்லது. அதை அது சுவராக நினைக்கும். கோழிக் கம்பி வலை என்றால் ஓட்டையில் கழுத்தை விட்டுக்கொண்டு திண்டாடும். வாசலிலிருந்து இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி வலையை இழுத்து விடுங்கள்.

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்த கதை என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முக்கியமானது இதுதான்: ஐந்தாறு உள்ளே வந்ததும் ஆசைப்பட்டு வாசலைச் சாத்திவிடாதீர்கள். வெளியே நிற்பவை பார்த்துவிட்டால், பிறகு நீங்கள் தங்கச் சோளம் போட்டாலும் வராது. எல்லாம் உள்ளே போய்த் தின்றுவிட்டு வெளியே வருவது நாலு நாளாவது நடக்க வேண்டும்.

கிளினிக் அக்கா:
தம்பி, வெறுங்காலோடு குட்டையில் இறங்காதீங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் கீறல் வழியாகவே காய்ச்சலைக் கொடுக்கும், சிறுநீரகம் வரைக்கும் போகும். பூட்ஸ் போடுங்க. இன்னொன்று, ஏதாவது காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்க. 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கும். ஏற்றுவதற்கு முன்னாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

லயத்துவாசி:
12 நாள் ஆச்சு. டின் சத்தம் கேட்டாலே வரிசை பிடித்து வருகின்றன, எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் வலை கட்டியாச்சு. இரண்டு சிக்கல். ஒன்று, கரையெல்லாம் நீளமான இறகாக மிதக்கிறது. நோயா? இரண்டு, மூக்கின் மேல் பெரிய புடைப்பு உள்ள கிழ ஆண் மட்டும் உள்ளே வர மாட்டேன் என்கிறது. லாலான் புல் புதர்ப் பக்கமே பார்த்து நிற்கிறது.

பழைய பண்ணையாள்:
இறகு உதிர்வது நோயில்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம். வருடத்துக்கு ஒருமுறை சிறகின் பெரிய இறகுகள் ஒட்டுமொத்தமாக விழும். புதுசு முளைக்க ஒரு மாதம் போல ஆகும், அதுவரை பறக்காது. ஆனால் முளைக்கும் இறகுக்குள் ரத்தம் இருக்கும், சிறகைப் பிடித்து முறித்துவிடாதீர்கள்.

கிழவன் விஷயத்துக்கு ஒரு கேள்வி. தீனிக்கு வருவதை எண்ணினீர்களா? 11 இருக்கிறதா?

லயத்துவாசி:
இன்று எண்ணினேன். ஒன்பது உள்ளே, கிழவன் வெளியே. பதினொன்றாவது பத்து நிமிடம் கழித்து ஓடிவந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஒரு முங்கு போட்டுவிட்டுத் திரும்பி ஓடியது.

பழைய பண்ணையாள்:
அது அடை உட்கார்ந்திருக்கிறது தம்பி. கிழவன் காவல் நிற்கிறான். அந்த இரண்டையும் விடுங்கள், ஒன்பதைப் பிடியுங்கள். விடியற்காலையில் செய்யுங்கள், வெயில் ஏறின பிறகு ஓடவிட்டால் சூடு தாங்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். மூங்கிலைக் கிடையாக நீட்டிப் பிடித்து மெதுவாக நடந்து ஒரு மூலைக்கு ஒதுக்குங்கள்.

காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, எலும்பு போய்விடும். கழுத்தின் அடியை லேசாகப் பிடித்து, மறுகையால் இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணையுங்கள். பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள், தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முகத்தில் கொத்தாது. முன்பக்கம் வேறு ஒன்று நடக்கும், நல்ல சட்டை போடாதீர்கள்.

லயத்துவாசி:
ஒன்பதும் தாப்பா போய்ச் சேர்ந்தன! கால்நடை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினோம். காலை ஏழு மணிக்கு வாசலைச் சாத்தினேன், எட்டுக்குள் எல்லாம் கோழிக் கூடையில். கூடைக்கு இரண்டு, அடியில் லாலான். ஐயா சொன்ன 'முன்பக்கம்' என் தம்பிக்கு நடந்தது.

கூட்டைத் தேடிப் பார்த்தேன். பழைய பம்ப் கொட்டகைக்குப் பின்னால், தன் நெஞ்சுப் பஞ்சையே பிடுங்கி மெத்தை போட்டிருக்கிறது. ஐந்து முட்டை. முட்டையோடு தூக்கிக்கொண்டு போகலாமா?

பழைய பண்ணையாள்:
வேண்டாம், இடம் மாற்றினால் பெரும்பாலும் அடையை விட்டுவிடும். 28லிருந்து 31 நாளில் பொரிக்கும். ராத்திரி முட்டைக்குப் பின்னால் டார்ச் வைத்துப் பாருங்கள். ரத்த நரம்பு தெரிந்தாலும், உள்ளே இருண்டிருந்தாலும் வளர்கிறது.

லயத்துவாசி:
பார்த்தாச்சு. கிழவன் தொடையில் ஒரு கவ்வு கவ்வினான், நீலம் பாரித்துவிட்டது. மூன்று முட்டை முக்கால்வாசி இருட்டு, இரண்டு வெறுமை. மண் வேலை மேற்பார்வையாளரிடம் பேசினேன், மறுகரையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றார். உடும்பு வராமல் இருக்கக் கூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் நட்டிருக்கிறோம். நாலாவது பக்கத்தில் கிழவன் நிற்கிறான்.