கன்னத்தில் ஃபில்லர் போடலாமா? அக்காவுக்காகக் கேட்கிறேன்

பூண்டுலோயாக்காரி:
அக்காவுக்கு 47 வயது. குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுப் போன வருடம்தான் வந்தாள். வருகிற ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது, மூக்கோரத்திலிருந்து வாய் வரைக்கும் ஆழமாகக் கோடு. கண்டியில் ஒரு கிளினிக்கில், குழியை நிரப்புகிற ஃபில்லர் ஊசி போட்டால் சரியாகும் என்றார்களாம். சொன்ன விலை தேயிலைத் தோட்டத்து ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. சீட்டுக்காசு கைக்கு வந்திருக்கிறது. போடலாமா? "இந்த வயசில் எதற்கு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே நிறையக் கேட்டாயிற்று.

பழைய கணக்கப்பிள்ளை:
எழுதாதே என்றால் எழுதத்தான் தோன்றுகிறது தங்கச்சி. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆவதற்கு எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தோம்? அந்தக் காசைக் கொண்டுபோய் ஆறு மாதத்தில் கரைகிற தண்ணீருக்குக் கொடுப்பதா? எங்கள் அம்மாயி அறுபது வயது வரைக்கும் மலை ஏறினாள். முகம் முழுக்கச் சுருக்கம். அது உழைத்த முகம். அந்த முகத்தைப் படம் பிடிக்க வெள்ளைக்காரன் விமானம் ஏறி வருகிறான்.

பதுளை ரயில்:
ஐயா, அந்த வெள்ளைக்காரன் கதைதான் எனக்கு ஆகாது. கூடையை மாட்டிக்கொண்டு ஒரு கிழவி சிரித்தால் கையில் ஏதோ கொஞ்சம் காசு வரும், படம் ஹோட்டல் சுவரில் தொங்கும். எங்கள் சுருக்கம் ஊருக்கெல்லாம் அழகு. கண்ணாடியில் தினமும் பார்க்கிறவளுக்கு அழகா என்று யாராவது கேட்டார்களா?

அந்தச் சுருக்கத்தில் பாதி வயசு இல்லை, வெயில். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். குளிராக இருக்கிறது, மேகம் மூடியிருக்கிறது என்று நாம் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. இடுப்பில் படங்கு கட்டுகிறோம், முகத்துக்கு என்ன கட்டினோம்? துரை வீட்டம்மா கிரீம் பூசினால் பராமரிப்பு, எங்கள் அக்கா பூசினால் பவுசு!

பழைய கணக்கப்பிள்ளை:
நான் கிரீமைச் சொல்லவில்லை. ஊசியைச் சொன்னேன்.

நைட் டியூட்டி:
ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். தோல் பிரிவு இல்லை, ஆனால் இதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஃபில்லரும் போடொக்ஸும் ஒன்றில்லை. போடொக்ஸ் தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதம் தாங்கும். ஃபில்லர் குறைந்த இடத்தை நிரப்பும். பெரும்பாலும் அது ஹயலூரோனிக் அமிலம். நம் தோலிலேயே இருக்கிற பொருள்தான், தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படியே போட்டால் சில நாளில் காணாமல் போய்விடும் என்பதால் பின்னிக் கட்டி ஜெல்லாக்குகிறார்கள். இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை இருக்கும். ஐயா "கரைகிற தண்ணீர்" என்றது பாதி சரி. கரைவதுதான் அதன் நல்ல குணம். பிடிக்காவிட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற ஊசியைப் போட்டு முன்கூட்டியே கரைக்கலாம். எல்லா ஃபில்லரையும் அப்படிக் கரைக்க முடியாது, அதனால் பெயரைக் கேளுங்கள். ஒரு சிரிஞ்சு வழக்கமாக 1 மில்லிலீட்டர், அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றோடு முடியும் என்று நம்பி விலை பேசாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. ஜெல் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம். அபூர்வமாகக் கண் பார்வையே போயிருக்கிறது. மூக்கும் இரு புருவத்துக்கு நடுவும் மிக ஆபத்து, மூக்கோரக் கோடும் சும்மா இல்லை. தோல் வெளுத்தாலோ, வலை பின்னியது போல நிறம் மாறினாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, கண் மங்கினாலோ உடனே டொக்டர் பார்க்க வேண்டும். இது சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். ஆகவே போட்டுவிட்டு அதே நாள் பூண்டுலோயா பஸ்ஸில் ஏற வேண்டாம். ஒரு இரவு கண்டியில் தங்கச் சொல்லுங்கள். கரைக்கிற மருந்து அந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா என்பதையும் பார்க்க வேண்டும். வீக்கமும் கன்றலும் இறங்க ஒன்றிரண்டு வாரம் போகும், கல்யாணத்துக்கு முதல் வாரம் போய் நிற்காதீர்கள்.

லிந்துல டெய்லர்:
என் கதையையும் கேளுங்கள். டவுனில் ஒரு சலூன், பெயர் எழுத மாட்டேன். ஊசியே இல்லாத பேனா, காற்றழுத்தத்தில் உள்ளே போகும், வலிக்காது என்றார்கள். உதட்டில் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் பட்டாணி மாதிரி இரண்டு கட்டி. எந்த மருந்து போட்டார்கள் என்று கேட்டால் பெட்டியை வீசிவிட்டோம் என்கிறார்கள். கொழும்பு வரைக்கும் போய்த்தான் சரி செய்தேன். இந்தப் பேனாவைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021 இலேயே எச்சரித்திருந்ததாம். எனக்கு அது கட்டி வந்த பிறகுதான் தெரியும்.

பழைய கணக்கப்பிள்ளை:
நான் சொன்னது இதைத்தான்.

பதுளை ரயில்:
அது சலூன் ஐயா, டொக்டர் இல்லை. ஒரு டிரைவர் மோசம் என்பதற்காகப் பஸ்ஸே வேண்டாம் என்பீர்களா?

பழைய கணக்கப்பிள்ளை:
ஹட்டன் வளைவுகளில் முப்பது வருடம் பஸ் ஏறினவனிடம் இந்த உதாரணம் வேண்டாம்.

பதுளை ரயில்:
சரி, தலைக்கு டை அடிக்கிறீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
அடிக்கிறேன். அது வேறு.

கடைவாய்ப்பல்:
பல் வைத்தியராக இருப்பதால் ஒரு கேள்வி. அக்காவுக்கு மேல் கடைவாய்ப்பற்கள் இருக்கின்றனவா?

பூண்டுலோயாக்காரி:
எனக்கு மேலே வலப்பக்கம் மூன்று இல்லை, இடப்பக்கம் இரண்டு. குவைத்தில் பல் வலித்தால் லீவா கொடுப்பார்கள், பெனடோல்தான். வந்த பிறகு பிடுங்கினேன். எப்படித் தெரியும்?

பதுளை ரயில்:
"எனக்கு"?

பூண்டுலோயாக்காரி:
ஆமாம், நான்தான். அக்கா கிடையாது. வெட்கமாக இருந்தது, அதனால் அப்படி எழுதினேன்.

கடைவாய்ப்பல்:
வெட்கம் எதற்கு. பல் போன இடத்தில் தாடை எலும்பும் மெல்லக் கரையும், கன்னத்துக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்க ஒன்றும் இருக்காது. வயதோடு கன்னக் கொழுப்பும் குறையும், அதற்குத்தான் ஃபில்லர். உங்கள் கன்னத்தில் எது எவ்வளவு என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பல் கட்டினால் கோடு முழுதும் மறையும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பல், அப்புறம் கன்னம் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்து மற்றது. ஃபில்லரால் மெல்ல முடியாது, கட்டின பல்லால் முடியும். வெற்றிலை போடுவீர்களா? பாக்குச் சேர்த்துப் போடுகிறவர் என்றால் வாயை நன்றாகத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள், பாக்கு வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு காரணம்.

பூண்டுலோயாக்காரி:
கொழுந்து எடுத்த காலத்தில் போட்டேன், குவைத்தோடு விட்டுவிட்டது. கிளினிக்கில் ஒருவரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லையே. சரி, வருகிற கிழமை நாவலப்பிட்டிக்குப் போய்ப் பல்லைக் காட்டுகிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
பல்லுக்குச் சீட்டுக்காசு கொடுங்கள் தங்கச்சி. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பூண்டுலோயாக்காரி:
பல் கட்டின பிறகும் கோடு இருந்தால் கண்டிக்குப் போவேன் ஐயா. மகள் கல்யாணப் படத்தில் அவளுடைய பாட்டி மாதிரி நிற்க எனக்கு இஷ்டமில்லை.

பழைய கணக்கப்பிள்ளை:
போகாதீர்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன். போனால் அன்றைக்கே பஸ் ஏறாதீர்கள்.