மறு: 'தீம்' வைத்த கிரிப்டிக் குறுக்கெழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களே,

இழை நீண்டுகொண்டே போகிறது, என் பங்குக்கும் கொஞ்சம் நீட்டிவிடுகிறேன். குறிப்பே சொல்விளையாட்டாக வரும் குறுக்கெழுத்துதான் கிரிப்டிக்; அதில் புதிர் முழுவதையும் கட்டிப்போடும் ஒரு கரு ('தீம்') இருந்தால் அந்த வகையை என்னவென்று அழைப்பது, அதன் உறுப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

> தலைப்பை வைத்துப் பின்னிய புதிர், எனவே 'தலைப்புக் குறுக்கெழுத்து'. எளிமையாக இருக்கிறது, போதுமே?

போதாது. தலைப்பு என்றால் மேலே கொட்டை எழுத்தில் தெரிவது. 'ஆறுகள்' என்று போட்டுவிட்டு விடைகளையெல்லாம் ஆற்றுப் பெயர்களாக வைக்கும் சிறுவர் பகுதிப் புதிருக்கு அது சரியாக வரும். நாம் பெயர் தேடுவது வேறு ஒன்றுக்கு. பிபிசி நடத்திய 'லிஸனர்' வார இதழில் 1930இல் தொடங்கி, 1991இல் இதழ் நின்றதும் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் சனிக்கிழமைப் பதிப்புக்குக் குடிபோன அந்த வகைப் புதிருக்கு. அதில் என்ன கரு என்று யாரும் சொல்வதில்லை, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. பல சமயம் கட்டங்களை எல்லாம் நிரப்பி முடித்த பிறகும் புதிர் பாக்கி இருக்கும், நிரப்பியதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

'கருப்பொருள்' என்று இன்னொருவர் சொன்னார். அந்த நாற்காலியில் ஏற்கெனவே சங்கக் காதல் கவிதையின் இலக்கணமான அகத்திணை உட்கார்ந்திருக்கிறது. அதோடு கருப்பொருள் என்பது நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் மரமும் புள்ளும் பறையும், ஒளிந்திருப்பது அல்ல.

இந்த ஒளிதல் எப்படி நடக்கிறது என்று கிரிப்டிக் போடாதவர்களுக்காக ஒரு தமிழ் எடுத்துக்காட்டு. சாதாரணக் குறிப்பு இப்படி இருக்கும்: 'குரங்கைத் தொடரும் மாதம் செய்யுள் (3)'. கவி என்றால் குரங்கு, அதோடு தை, ஆக கவிதை, மூன்று எழுத்து. இதையே கரு வைத்த புதிரில் இப்படி மாற்றலாம்: 'குரங்கு நெருப்பைத் தாண்டி மாதத்தைப் பிடித்தால் செய்யுள் (3)'. இப்போது கவி, தீ, தை என்று நான்கு எழுத்து வருகிறது, கட்டத்தில் மூன்றுக்குத்தான் இடம். மிஞ்சும் 'தீ'யைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒவ்வொரு குறிப்பிலும் ஒன்று மிஞ்சி, வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் வரும், அந்த வாக்கியம் 'இன்ன எழுத்தை மாற்று' என்றோ 'இன்ன பெயரைக் கட்டத்துக்குள் தேடு' என்றோ கட்டளை போடும். அங்கேதான் கரு வெளியே வருகிறது.

ஆகவே என் பரிந்துரை: உள்ளுறைக் குறுக்கெழுத்து. கருவுக்குத் தனியாக உள்ளுறை.

தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமத்தில் ஒப்புமை வெளியே சொல்லப்படாது, சொன்ன காட்சியிலிருந்து கேட்பவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிர் அமைப்பவர் செய்வதும் இதைத்தான். பண்டிதத்தனமாக இருக்கிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், இயற்பியல் பாடத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தவர்கள் ஏராளம், யாரும் அதற்காக இலக்கண நூலைப் புரட்டவில்லை. இருக்கிறது, ஆனால் வெப்பமானியில் தெரியாது என்ற பொருள் அங்கும் இருக்கிறது. மறைந்திருப்பது என்று பொருள்படும் 'கரந்துறை'யும் எனக்குப் பிடிக்கும், எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரக்கவியில் கரந்துறைச் செய்யுள் என்றே நம்மிடம் ஒரு வகை உண்டு. ஆனால் புதிதாகப் புதிர் போட வருபவரை அந்தச் சொல்லே விரட்டிவிடும். மிஞ்சும் எழுத்துகளால் வரும் அந்தக் கட்டளை வாக்கியத்துக்கு மட்டும் 'கரந்துறை வரி' என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, புதிருக்கு மேலே அச்சாகும் நான்கைந்து வரி விளக்கம்.

> முன்குறிப்பு?

'குறிப்பு' என்பதைத்தான் ஒவ்வொரு விடைக்கும் தரும் வரிக்குப் பயன்படுத்துகிறோம், குழம்பும். 'முன்னுரை'யை வாசகர் தாண்டிப் போய்விடுவார். இங்கே அதைத் தாண்டினால் கதை முடிந்தது, ஏனென்றால் அந்த வரிகளும் புதிரின் உறுப்பு. 'அரவுக்காரியா' என்ற பெயரில் 'கார்டியன்' நாளிதழுக்குப் புதிர் அமைத்த ஜான் கிரஹாம் 2013 ஜனவரியில் செய்ததை நினைத்துப் பாருங்கள். புதிரின் தலையில் ஒரு வரி: அரவுக்காரியாவுக்கு 19இல் 18 நெடுக்கு, அதற்கு 13, 15 என்று சிகிச்சை நடக்கிறது. அந்த எண்களுக்குரிய விடைகளை நிரப்பிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது உணவுக்குழாய், புற்றுநோய், வலிதணிப்புப் பராமரிப்பு. தன் நோயை அவர் வாசகர்களுக்கு அறிவித்த விதம் அது. அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அந்த வரியை முன்னுரை என்று எப்படிச் சொல்வது?

'பாயிரம்' என்கிறேன். பாயிரம் இல்லாதது நூலே இல்லை என்று நன்னூல் கறாராகச் சொல்கிறது, இந்த வகைப் புதிருக்கும் அப்படியே. பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்ற பிரிவும் கைகொடுக்கும்: எந்த அகராதி, மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டா போன்ற எல்லாப் புதிருக்குமான விதிகள் பொது, அந்த ஒரு புதிருக்கான அறிவுறுத்தல் சிறப்பு.

கடைசிக் கட்டத்தில் எழுத்தை மாற்றச் சொல்லும் உத்தி தமிழில் ஆங்கிலத்தைவிட நன்றாக வரும் என்பது என் எண்ணம். ஒரு கட்டத்தில் இருக்கும் 'ப'வை 'பா' ஆக்குங்கள், குறுக்கே படம் பாடமாகிறது, நெடுக்கே பல் பாலாகிறது, மற்ற எதுவும் அசையவில்லை. இதற்கு நாம் மூளையைக் கசக்கவே வேண்டாம், சித்திரக்கவியில் 'மாத்திரை வருத்தனம்' என்று பெயர் தயாராக இருக்கிறது, எதிர்த்திசைக்கு 'மாத்திரைச் சுருக்கம்'. வருத்தனம் என்பதை வருத்தம் என்று படித்துவிடுவார்கள் என்று பயந்தால் 'மாத்திரைப் பெருக்கம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சட்டென்று எல்லாம் விளங்கும் தருணத்துக்கு நீளநீளமாக ஐந்தாறு சொற்கள் வந்திருக்கின்றன. பொறி தட்டியது என்று பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்? 'பொறிதட்டு' என்று முடித்துவிடலாம்.

அப்புறம், நாம் பெயர் தேடும் பட்டியலில் இன்னும் ஒன்றுக்குப் பெயர் இல்லை. குறிப்பே தராமல் உள்ளுறையை வைத்து மட்டும் நிரப்பச் சொல்லும் விடைகள். 'குறிப்பிலி' என்று என் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு கசப்பு இருக்கிறது அதில், நல்லதாக யாராவது தந்தால் மாற்றிவிடுகிறேன்.