ஆறு கிலோ பையும் ஒரு லிட்டர் தண்ணீரும்: வாலிநோக்கம் – அரிச்சல்முனை நடை

உச்சிப்புளி நடையன்:
தை மாதக் கடற்கரை நடைக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று 'மண்டபம் காற்று' நம் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். வாலிநோக்கத்தில் தொடங்கி ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஐந்து நாள். ஆளுக்குப் பை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாதாம். சரி, இருக்கட்டும். "தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும், கடற்கரை நெடுக ஊர்தானே, கேட்டால் கொடுப்பார்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது. இவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்தானா?

மண்டபம் காற்று:
பிறப்புச் சான்றிதழ் அனுப்பட்டுமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று லிட்டர் தூக்கினால் பையில் பாதி தண்ணீர்தான். மணலில் அந்தக் கனத்தோடு கால் புதைந்து புதைந்து நடந்து பாருங்கள். போன தடவை பாட்டில் பாட்டிலாகச் சுமந்து வந்தவர்கள் ஏர்வாடி தாண்டுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

உச்சிப்புளி நடையன்:
தாராளமாகச் சொல்லுங்கள், நான்தான். காலில் ஏறியது கருவேல முள். பாட்டில் குத்தியா பஸ் ஏறினேன்?

பரமக்குடி புதுசு:
வணக்கம் அண்ணன்களே, முதல் தடவை வருகிறேன். அந்த ஆறு கிலோ தண்ணீரோடு சேர்த்தா, சேர்க்காமலா?

பாம்பன் பெரிசு:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை போடுவதற்கு முன்பே அந்த மணலில் நடந்தவன் நான். மூன்று லிட்டர். அதற்குக் கீழே பேச்சே கிடையாது. வெயிலில் நடக்கும் மனிதனுக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு உன் ஒரு லிட்டர் தீர்ந்துபோகும். அப்புறம் என்ன செய்வாய் தம்பி, கடலைக் குடிப்பாயா?

கனம் குறைக்க வேண்டுமென்றால் மற்றதில் குறை. சோப்பைக் கால்வாசி வெட்டி எடு. இரண்டு கைலி, ஒரு துண்டு போதும். கைலிதான் இரவில் போர்வை, பகலில் தலைக்கு முண்டாசு, குளித்தால் மாற்றுத் துணி. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. டென்ட் எதற்கு? தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்தால் வெளியாட்களை இருக்க விடமாட்டார்கள், ராமேஸ்வரத்தில்தான் படுக்கை. சார்ஜர், மருந்துப் பை, கத்தி, டார்ச் எல்லாம் குழுவுக்குப் பொதுவில் பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்பு வேண்டாம். அவல், பொரிகடலை, சாயல்குடிக் கருப்பட்டி. கனமானதை முதுகை ஒட்டி வை, அடியில் போட்டால் இடுப்பு ஒடியும். கட்டியதும் பழைய பேப்பர் கடைத் தராசில் பையைத் தொங்கவிட்டுப் பார், முள் பொய் சொல்லாது. இவ்வளவும் செய்துவிட்டு மூன்று லிட்டர். மூன்று.

மண்டபம் காற்று:
பெரிசு, உங்கள் காலத்தில் வழியில் கடை இல்லை. இப்போது பெரியபட்டினம், புதுமடம், வேதாளை என்று வரிசையாக ஊர், கடை, டீ. தீரத் தீர நிரப்பிக்கொள்ள வேண்டியதுதானே? ஒரு லிட்டர் போதும்.

கீழக்கரை லாத்தா:
"கேட்டால் கொடுப்பார்கள்" என்று எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. கொடுப்போம், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தள்ளுவண்டியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு ஓட்டைக்கு ஒரு குடம் செருகி, வெயிலில் தள்ளிக்கொண்டு போய்ப் பெண்கள் பிடித்து வருவது. தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? பத்துப் பதினைந்து ஆம்பளைகள் வரிசையாக வந்து பாட்டிலை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? உங்கள் பை லேசாக இருக்க எங்கள் குடம் காலியாக வேண்டுமா?

மண்டபம் காற்று:
லாத்தா, நான் காசு கொடுத்துத்தான் வாங்கச் சொன்னேன்.

கீழக்கரை லாத்தா:
"கேட்டால் கொடுப்பார்கள்" என்பதில் காசு எங்கே இருக்கிறது, தம்பி?

உச்சிப்புளி நடையன்:
ஹா ஹா. காற்று திசை மாறுகிறது.

பாம்பன் பெரிசு:
லாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. மூன்று லிட்டர்.

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
தண்ணீரை விடுங்கள். போன தடவை யாரோ பையில் கருவாடு எடுத்து வந்து, ராத்திரி முழுக்க ஊர் நாய் மொத்தமும் எங்கள் தலைமாட்டில் நின்றதே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? நாலு மடிப்பு பாலிதீன் பையாம்! நாய்க்குப் பாலிதீன் என்ன தெரியும்?

உச்சிப்புளி நடையன்:
அந்தக் கருவாட்டைக் கஞ்சிக்குக் கடித்துக்கொண்டு ருசித்தது யார் மாப்ளே? இரண்டு தடவை கேட்டு வாங்கினாய்.

பரமக்குடி புதுசு:
அண்ணே, ஆறு கிலோ, தண்ணீரோடு சேர்த்தா?

மண்டபம் காற்று:
பொதுவாகச் சொல்கிற கணக்குப்படி அறுபது கிலோ ஆள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டு கிலோ வரை தூக்கலாம் என்பார்கள். அது சீரான பாதைக்கு. இங்கே மணல். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம். அதனால்தான் ஆறு, அதனால்தான் ஒரு லிட்டர்.

பாம்பன் பெரிசு:
செருப்பைக் கையில் பிடித்து நடப்பவனிடம் இனி என்ன பேசுவது? கிளிஞ்சல் கிழிக்கும், வலைத் துண்டில் தூண்டில் முள் இருக்கும். பட்டை வைத்த ரப்பர் செருப்பு போடு, ஈரமானாலும் கவலையில்லை. ஷூவுக்குள் மணல் புகுந்தால் மதியத்துக்குள் கொப்புளம். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த காலத்திலிருந்து அதில் நடக்கிறேன், அந்தக் காற்றில் தொப்பி பறந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆளுக்கு நாலு எடுங்கள், அதற்குக் கனமே இல்லை. ஆனால் அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். எவ்வளவு என்று நான் சொல்லியாகிவிட்டது.

மண்டபம் காற்று:
பாலத்தில் நடந்ததற்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? எல்லா விவாதத்திலும் இந்தப் பாலம் வந்துவிடுகிறது. பட்டியல் என்னுடையது, மாற்றுவதாக இல்லை. பிடித்தவர்கள் வாருங்கள்.

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
அப்படியானால் போன தடவை பொதுவில் வாங்கிய குக்கருக்கு என் பங்கு இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அடுப்பே வேண்டாம் என்றால் குக்கர் எதற்கு? அது இப்போது யார் வீட்டில் விசில் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பாம்பன் பெரிசு:
குக்கர் என் வீட்டில்தான் இருக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறது. அதை வைத்து யாரும் என்னைப் பேச வேண்டாம். காஸ்கெட் போய்விட்டது, மாற்றியது என் காசு. அதற்கு யார் பங்கு கொடுத்தீர்கள்?