மார்கழியில் குடும்பத்தோட வெளியூர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்

மூன்றாம்கட்டு:

அரைப்பரீட்சை லீவு, ஊட்டி, ரெண்டு வண்டி, ஒன்பது பேர். கிளம்பின கதை எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான், அதை விட்டுடறேன்.

மொத்தப் பேரும் ஒரே பெரிய ரூம்ல படுத்தோம். குளிர் தாங்கலை. காவலுக்கு இருந்த அண்ணன் இரும்புச் சட்டியில கரி பத்தவச்சு, கங்கு நல்லாச் சிவந்ததும் கொண்டு வந்து குடுத்தார். "புகை அடங்கிடுச்சும்மா, இனி பயமில்லை"ன்னார். நாங்களும் நம்பினோம். ஜன்னல் இடுக்குல காத்து வருதுன்னு நான்தான் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகினேன். நீலக்கட்டம் போட்ட துண்டு. இப்பவும் அலமாரியில இருக்கு. தூக்கிப் போடவும் மனசில்லை, எடுத்து முகம் துடைக்கவும் மனசில்லை.

எங்க அத்தை மார்கழி முழுக்க நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிச்சுக் கோலம் போடுறவங்க. வந்த இடத்துல எதுக்கு அத்தைன்னு ராத்திரியே கேட்டேன். "வாசல்னு ஒண்ணு இருந்தா கோலம் வேணும்டி"ன்னாங்க. பொடி டப்பா பையிலயே இருந்துச்சு. அன்னைக்கும் நாலு மணிக்கு எழுந்திருக்காங்க. தலை சுத்தியிருக்கு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போய்த் தாழ்ப்பாளைத் தேடித் திறந்திருக்காங்க. நான் முழிச்சது அந்தச் சத்தத்துக்கு இல்லை, முகத்துல வந்து அறைஞ்ச குளிருக்கு. உக்கார முடியலை, மண்டை பிளக்குது. பக்கத்துல படுத்திருந்த என் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன், ஒரு 'ம்' கூட இல்லை. கன்னத்துல அடிச்சேன். திரும்ப அடிச்சேன். மூணாவது அடிக்குத்தான் கண்ணைத் திறந்தான். திறந்ததும் வாந்தி.

ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டு வெளியில வந்து படியில உக்காந்தோம். ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஆக்சிஜன் வச்சாங்க. டாக்டர் முதல்ல கேட்டது, "கதவை யார் திறந்தது?"

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. புகை நின்னதுக்கப்புறமும் கங்கு அதைக் கக்கிக்கிட்டேதான் இருக்குமாம். ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும்னு டாக்டர் சொன்னார். இதெல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம். ஆனா ரெண்டாவது அடிக்கும் மூணாவது அடிக்கும் நடுவுல இருந்த அந்த நேரம்தான் இன்னும் தீரலை. எழுதினா தீருமான்னு பார்க்கறேன்.

குந்தாக்காரன்:

அக்கா, ஒன்பது பேரும் பிழைச்சு வந்தீங்களே, அது பெரிசு. ஆனா படிக்கிறவங்க "ஊட்டிக்காரங்க கரியை மூட்டிக் குடுத்துடுவாங்க"ன்னு முடிவு கட்டிடக் கூடாதுன்னு சொல்லிக்கறேன். எங்க பாட்டி காலத்துலேர்ந்து கணப்பு மூட்டினவங்கதான் நாங்க. அது ஓட்டு வீடு, ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல காத்து போகும், படுக்கிறதுக்கு முன்னாடி சட்டியை எடுத்து வெளியில வச்சிடுவோம். இப்ப கட்டுற தங்கும் அறைக்கு ஜன்னல்லயே ரப்பர் வச்சு அடைக்கிறாங்க. அதுக்குள்ள கங்கை வச்சுட்டுத் தூங்கக் கூடாதுன்னு குடுக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

என் கதை சின்னது. மார்கழியில நாங்க எங்கயும் போக முடியாது, உறைபனி விழும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து தண்ணி அடிச்சு அந்தப் பனியைக் கழுவணும். பனி இருக்கும்போதே வெயில் ஏறிச்சுன்னா செடி கருகிடும். ஒருநாள் அப்பாவும் நானும் உருளைக்கிழங்குத் தோட்டத்துல ஹோஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கோம், ரோட்டோரம் ஒரு வேன் நின்னுச்சு. உள்ளேர்ந்து ஒரு குடும்பமே இறங்கிச்சு. நாலு வயசு இருக்கும், ஒரு பொண்ணு கடைசிப் பாத்திக்கு ஓடி வந்து இலை மேலேர்ந்து வெள்ளையா வழிச்சு எடுத்து "தாத்தா, ஐஸு!"ன்னு அப்பாகிட்ட நீட்டுது.

அப்பா ஹோஸைத் திருப்பிட்டார். அந்தப் பாத்திப் பக்கமே தண்ணியைக் காட்டலை. அவங்க போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே நின்னார். வேன் போறப்ப வெயில் வந்தாச்சு. அந்த ஒரு பாத்தி மட்டும் நெருப்பு வச்ச மாதிரி கருகிப்போச்சு. நான் கத்தினேன், "சொல்லியிருக்கலாம்ல, நகருங்கன்னு?" பதிலே சொல்லலை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகுது. அன்னைக்கு நான் கத்தாம இருந்திருக்கலாம்.

கீழவீதி:

இதுல என்னோடதைப் போடலாமான்னு தெரியலை, ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்லை.

உத்தரகோசமங்கை, ராமநாதபுரம் பக்கத்துல இருக்கிற சிவன் கோயில். மரகத நடராஜருக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு. ஆருத்ராவுக்கு முந்தின நாள் மட்டும்தான் களைவாங்க, மறுநாள் விடியறதுக்குள்ள திரும்பப் பூசிடுவாங்க. எங்க ஐயாவுக்கு அதைப் பார்க்கணும்னு ரொம்ப வருஷ ஆசை. ஒவ்வொரு மார்கழியும் ஏதாவது ஒண்ணு தடுத்துக்கிட்டே இருந்துச்சு, கதிர் முத்துற நேரம், அக்கா பிரசவம், முழங்கால் ஆபரேஷன். ஒருவழியா நானும் தம்பியும் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனோம். வரிசை நகரவே மாட்டேங்குது. ஐயா உக்காரவும் மாட்டேன்னுட்டார்.

சன்னதிக்கு நேரா வந்தாச்சு. தீபாராதனை வெளிச்சத்துல பச்சையா, கண்ணாடிக்கு உள்ள தண்ணி நிக்கிற மாதிரி, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நான் பார்த்துட்டேன். திரும்பி ஐயாவைப் பார்க்கறேன், கைகூப்பிக்கிட்டு கண்ணை இறுக்க மூடிட்டு நிக்கிறார். "ஐயா, கண்ணைத் திறங்க, பாருங்க"ன்னு தோளைத் தொட்டேன். அதுக்குள்ள பின்னாடியிருந்து தள்ளிட்டாங்க.

வெளியில வந்ததும் நான் அழுதுட்டேன். அவர் சாதாரணமா, "பாத்தேன்டா"ங்கிறார். எதைப் பார்த்தார்? இன்னும் கேக்கலை. அவருக்கு இப்ப எண்பத்தொண்ணு, கேக்கிறதுக்குப் பயமா இருக்கு.

நடைவண்டி:

பொங்கலுக்கு முந்தின வாரம். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி ரோடு, விடியக்காலம் அஞ்சு மணி. ஓட்டினது நான். அம்மாவும் பசங்களும் பின்சீட்டுல தூக்கம். பனி இறங்கி, முன்னாடி போன லாரியோட சிவப்பு விளக்கே காணாமப் போச்சு. ஹை பீம் போட்டேன், எதிர்ல வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆயிடுச்சு. நாப்பதுலதான் போனேன். அந்த நாப்பதே ஜாஸ்தி.

இடுப்பு உயரத்துல சின்னதா சிவப்பா மின்னுச்சு. பக்கத்துலயே இன்னொண்ணு. பாதயாத்திரைக்காரங்க பையில ஒட்டுற ஸ்டிக்கர்னு மூளைக்கு எட்டறதுக்குள்ள கால் பிரேக்கை மிதிச்சிருச்சு. வண்டி நின்னப்ப, எனக்கும் கடைசியா நடந்தவருக்கும் நடுவுல ஒரு கை நீளம். பச்சை வேட்டி, வெறுங்கால். தோள்ல ஒரு பொம்பளப்புள்ளை தூங்குது. அதோட ரெண்டு காலும் என் பானட்டுக்கு நேரா தொங்குது, கொலுசோட.

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டலை. ஓரமா ஒதுங்கி, "போங்க தம்பி"ன்னு கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலாம்னா, இறக்கி முடிக்கிறதுக்குள்ள பனி மூடிடுச்சு. கொலுசுச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டுச்சு. அம்மா எதுவும் தெரியாமத் தூங்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை.

சாலைத்துணை:

எனக்கும் விக்கிரவாண்டி பக்கத்துல இப்படி ஒண்ணு. மாட்டுவண்டி. மாட்டோட கண்ணு மின்னினதால தப்பிச்சேன். அது இருக்கட்டும்.

நடைவண்டி தம்பி, நீங்க பண்ணின முதல் தப்பு ஹை பீம். பனிங்கிறது பொடிப்பொடித் தண்ணித்துளி. தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம் அந்தத் துளியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும், அதான் வெள்ளைத் துணி. லோ பீம், பனிவிளக்கு இருந்தா அதையும் சேர்த்து. நாலு பக்க விளக்கையும் மினுக்கிக்கிட்டு ஓட்டுறாங்களே, அதுவும் தப்பு. பின்னாடி வர்றவனுக்கு நீங்க நிக்கிறீங்களா, போறீங்களா, திரும்பப் போறீங்களா எதுவும் புரியாது. வண்டி நின்னுபோச்சுன்னா மட்டும்தான் அது. உள்கண்ணாடியில ஆவி படிஞ்சா கையால துடைக்காதீங்க, ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்க, அரை நிமிஷத்துல தெளிஞ்சிடும். லாரியோட பின்விளக்கைப் பிடிச்சுக்கிட்டே போறது பத்திரம்னு நினைக்காதீங்க, அவர் பள்ளத்துல இறங்கினா நீங்களும் கூடவே இறங்குவீங்க. இடது ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்க. முடியவே முடியலைன்னா டீக்கடை, பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி மாதிரி இடத்துல ஒதுங்குங்க. ரோட்டு ஓரத்துல மட்டும் நிக்காதீங்க.

இன்னொண்ணு, கிளம்பற நேரம். மழை டிசம்பரோட ஓயறப்ப வயல் முழுக்க ஈரம் நிக்கும். ராத்திரி வானம் தெளிஞ்சு, காத்தும் அசையாம நின்னுச்சுன்னா தரை சூட்டை இழந்து சில்லிட்டுப் போகும், மேல இருக்கிற ஈரக்காத்து அப்படியே மூட்டமாத் திரளும். சூரியன் எழும்பற நேரத்துலதான் அது ரொம்ப அடர்த்தி. "சீக்கிரம் கிளம்பினா டிராஃபிக் இருக்காது"ன்னு நாலு மணிக்குக் குடும்பத்தை ஏத்துறவங்க நேரா அதுக்குள்ளதான் போய் விழறாங்க. மார்கழியில ஏழரைக்கு மேல கிளம்புங்க. பாதயாத்திரைக்காரங்களும் போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கமா நடந்தா வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். கடைசியா வர்றவர் கையில ஒரு டார்ச் கட்டாயம் இருக்கணும்.

வேளச்சேரிக்காரி:

சாலைத்துணை சார், எல்லாம் நல்ல விஷயம், எடுத்து வச்சுக்கறேன். ஆனா அவர் யோசனை கேக்கலை. வீட்டுல சொல்ல முடியாததை இங்க வந்து சொல்லியிருக்கார். முதல்ல அதைக் கேட்டுக்கலாமே.

என்னோடது 2018 போகி. மார்கழியோட கடைசி நாள். எங்க அக்கா குடும்பம் கைக்குழந்தையோட முதல்தடவையா ஊருக்கு வராங்க, காலை விமானம். நான் விடியக்காலம் வாசல்ல பழைய பாய், கிழிஞ்ச தலையணை, பையனோட உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி எல்லாத்தையும் போட்டுக் கொளுத்திட்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். அன்னைக்கு ஊரே புகை, பனியோட கலந்து. விமானம் இறங்க முடியலை, வேற ஊருக்குத் திருப்பி விட்டுட்டாங்க. அன்னைக்கு நிறைய விமானத்துக்கு அதே கதி.

மதியம் தாண்டித்தான் வந்தாங்க. குழந்தையை வாங்கித் தோள்ல போட்டேன். என் புடவையை மோந்துட்டு இருமிச்சு. பாய் எரிஞ்ச வாடை, காலையில உடுத்தின புடவையை நான் மாத்தவே இல்லை. அக்கா ஒண்ணும் சொல்லாம குழந்தையைத் திரும்ப வாங்கிக்கிட்டா. அந்த வாங்கல் இருக்கே. அதுக்கப்புறம் ஒரு வருஷமும் எங்க வாசல்ல எதையும் கொளுத்தறதில்லை. மூட்டை கட்டிப் பழைய சாமான்காரர்கிட்ட குடுத்துடறேன்.

மூன்றாம்கட்டு, ஒண்ணு கேக்கலாமா? உங்க அத்தை அன்னைக்குக் கோலம் போட்டாங்களா?

எதிர்வீடு:

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கும் எழுதணும்னு தோணிடுச்சு.

பத்து நாள் வீட்டைப் பூட்டிட்டு ஸ்ரீரங்கம், அப்படியே மாமா ஊருன்னு போயிருந்தோம். திரும்பினது விடியக்காலம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஆட்டோ. தெருமுனையில திரும்பறப்பவே எங்க வாசல்ல ஏதோ வெளிச்சம். பகீர்னு ஆச்சு, திருடன்தான்னு நினைச்சேன். வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிட்டு இறங்கி ஓடினார்.

எதிர்வீட்டம்மா. வாயில பேனா டார்ச்சைக் கவ்விக்கிட்டு, குனிஞ்சு, எங்க வாசல்ல புள்ளி வச்சுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல சாணி உருண்டையில பூசணிப்பூ. அந்தம்மாவுக்கும் எனக்கும் தண்ணிக்குழாய்த் தகராறுல ரெண்டு வருஷமாப் பேச்சே கிடையாது. எங்களைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துட்டு, "பூட்டின வீடுன்னு தெரியக் கூடாதுல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. மிச்ச இழையை முடிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. பத்து நாளும் போட்டிருக்காங்கன்னு பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

மூன்றாம்கட்டு:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கலை. நடைவண்டி, உங்களோடதை ரெண்டு தடவை படிச்சேன்.

குந்தாக்காரன் தம்பி, கரியைக் குடுத்தவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எங்களைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினதும் அவர்தான். அவருக்கும் தெரியலை. அந்தத் தங்குமிடத்தோட முதலாளிகிட்ட பேசி, அறைக்குள்ள கங்கு வைக்கக் கூடாதுன்னு தமிழ்ல எழுதி ஒட்டச் சொன்னேன். ஒட்டினதை அந்த அண்ணனே போட்டோ எடுத்து அனுப்பினார். உங்க அப்பா ஹோஸைத் திருப்பினதை அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க.

வேளச்சேரிக்காரி, போட்டாங்க. நாங்க எல்லாரும் கம்பளியைச் சுத்திக்கிட்டுப் படியில உக்காந்திருக்கோம், பையன் என் மடியில வாந்தி எடுத்துட்டுச் சுருண்டு கிடக்கான், வண்டி எடுக்க ஆள் ஓடுது. அத்தை டப்பாவைத் திறந்துட்டாங்க. கை நடுங்குது. கல்லு மேல பனி உறைஞ்சு கிடந்ததால பொடி விழுந்த இடத்துலயே ஈரமாகிப் பரவிடுச்சு, நாலு புள்ளிக் கோலம், இழையே தெரியலை. "அத்தை, இப்ப இது தேவையா"ன்னு நான் அழுதுக்கிட்டே கத்தினேன். "எண்ணிட்டேன்டி, ஒன்பது பேரும் வெளியில இருக்காங்க"ன்னு சொல்லிட்டு, அஞ்சாவதா ஒரு புள்ளியை நடுவுல வச்சாங்க.